வேட்டியில் பட்ட மஞ்சள் சோப்பு போட்டதும் ஏன் சிவந்தது?

கேள்வி, 16.01.2024

பொங்கலன்று புது வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டது. சாதாரண மஞ்சள் கறைதான். சோப்பு போட்டுத் தேய்த்ததும் ரத்தம் பட்டதுபோலச் சிவந்தது. அலசினால் மறுபடி மஞ்சள். ஆரத்தித் தண்ணீர், குங்குமம், வெற்றிலை போட்ட வாய் எல்லாம் சிவப்பதும் இதே காரணத்தாலா? கரைசல்கள் நிறம் மாறுவதற்குப் பின்னால் ஒரே விதிதான் இருக்கிறதா?

16.01.2024, இரவு

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். மஞ்சளுக்கு அந்த நிறத்தைத் தருவது குர்குமின். அமிலத்திலும் வெறும் தண்ணீரிலும் அது மஞ்சளாகவே இருக்கும். காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான அல்கலி) பட்டால் செம்பழுப்பாகும். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவில் (ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) சொன்னால், ஏறக்குறைய ஏழரைக்குக் கீழே மஞ்சள், எட்டரையைத் தாண்டினால் சிவப்பு, நடுவில் ஆரஞ்சு. துணி சோப்பு காரம், சுண்ணாம்பும் காரம். அலசும்போது சோப்பு போய்விடுகிறது, மஞ்சள் திரும்பி வருகிறது. ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள், அதுவும் மஞ்சளாகிவிடும்.

குங்குமம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. வெற்றிலையோடும் சுண்ணாம்பு தடவித்தான் போடுகிறோம், அதனால் வாய் சிவக்கிறது.

17.01.2024, காலை

நேற்று வெற்றிலை பற்றி எழுதியது தப்பு. இரவெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. வெற்றிலையில் மஞ்சளே கிடையாதே, அப்புறம் எது நிறம் மாறுகிறது?

காலையில் அத்தை பாக்கு இடிக்கும் சிற்றுரலை வாங்கி, வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு மூன்றையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு இடித்தேன். நன்றாகச் சிவந்த பிறகு பாதியை ஒரு கிண்ணத்தில் வழித்து, எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாக விட்டேன். கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். சிவப்பு போகவில்லை. ஆரத்தித் தண்ணீரில் அதே சாறு ஒரு நொடியில் வேலையை முடித்துவிடுகிறது.

காரணம் இதுதான். பாக்கில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள், சுண்ணாம்பின் காரத்தில், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வேறு சிவப்புப் பொருளாகவே ஆகிவிடுகின்றன. காரம் அதற்குத் துணை நிற்கிறது. ஆனால் பிறகு காரத்தை முறித்துவிட்டால் பழைய பொருள் திரும்பி வராது. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதற்கு இது நெருங்கிய சொந்தம்.

ஆக, கேட்டவரின் கடைசி வரிக்கு என் பதில் மாறுகிறது. ஒரே விதி இல்லை. நிறம் மாறியதைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இனி இதுதான்: திரும்பி வருகிறதா?

17.01.2024, இரவு

"காரம் பட்டால் சிவக்கும் என்கிறீர்கள், ஏன் என்று சொல்லவில்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

வெள்ளை ஒளியில் எல்லா நிறமும் இருக்கிறது. குர்குமின் அதில் ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிக்கொள்கிறது. மிச்சம் நம் கண்ணுக்கு வருவது மஞ்சள். காரத்தில் குர்குமின் தன்னிடமுள்ள ஒரு ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுக்கிறது. அதன்பிறகு அது விழுங்கும் ஒளி பச்சைப் பக்கம் நகர்கிறது. பச்சை போனால் மிச்சம் சிவப்பாகத் தெரியும்.

ஏன் நகர வேண்டும்? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். குட்டைக் கயிறு போட்ட ஊஞ்சல் வேகமாக ஆடும். விட்டத்திலிருந்து நீளமாகத் தொங்கும் ஊஞ்சல் நிதானமாக ஆடும். மூலக்கூறில் எலக்ட்ரான்கள் உலவ நீளமான இடம் கிடைத்தால், அவை நிதானமான அதிர்வுள்ள ஒளியைப் பிடித்துக்கொள்ளும். ஒளியில் ஊதாவின் அதிர்வு வேகமானது. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரவர அது குறையும்.

19.01.2024

ஊஞ்சல் உவமையைத் திருத்த வேண்டும். குர்குமினில் காரம் பட்டாலும் கயிற்றின் நீளம் மாறுவதில்லை. இரண்டு வளையங்கள், நடுவே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் சங்கிலி. காரத்துக்கு முன்னும் பின்னும் அதே அமைப்புதான். மாறுவது எலக்ட்ரான்களின் பிடிமானம். ஹைட்ரஜன் அயனி போனபின் அது விட்டுச்சென்ற மின்சுமை ஓர் ஆக்ஸிஜனோடு முடங்கிக் கிடக்காமல் சங்கிலியில் பரவிக்கொள்கிறது. எலக்ட்ரான்களை மேலே கிளப்பக் குறைந்த ஆற்றலே போதும் என்றாகிவிடுகிறது.

நீள உவமை அப்படியே பொருந்துவது பள்ளி ஆய்வகத்தில் நிறங்காட்டியாக, அதாவது காரத்தை நிறத்தால் காட்டப் பயன்படும் பினாப்தலீனுக்கு. அதில் நடுவில் ஒரு கார்பன், அதைச் சுற்றி மூன்று வளையங்கள். அமிலத்தில் அந்த நடுக் கார்பனின் நான்கு கைகளும் நான்கு பக்கம் விரிந்து நிற்கும். அதனால் மூன்று வளையங்களும் தனித்தனித் தீவுகள். ஒரு தீவுக்குள் உலவும் எலக்ட்ரான் புற ஊதாவைத்தான் பிடிக்கும், அது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கரைசல் நிறமில்லாமல் இருக்கிறது. காரம் சேர்ந்ததும் ஒரு பிணைப்பு திறந்து, நடுக் கார்பன் தட்டையாகி, தீவுகளுக்குப் பாலம் விழுகிறது. எலக்ட்ரான்களுக்குத் திடீரென்று பெரிய வெளி. பச்சையை விழுங்குகிறது, நமக்கு ரோஜா நிறம் தெரிகிறது. பிஎச் 8.2 அளவில் தொடங்கி 10க்குள் முழு நிறம் வந்துவிடும்.

இதை 1871இல் முதலில் தயாரித்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர். பிறகு பல பத்தாண்டுகள் இதைப் பேதி மருந்தாகவும் விற்றார்கள். புற்றுநோய் அச்சத்தால் கைவிட்டார்கள்.

28.01.2024

பள்ளியில் நடந்தது. பினாப்தலீன் காரத்தில் ரோஜா நிறம் என்று நடத்திய மறுநாள், ஒரு பையன் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் அடர்த்தியாகக் கரைத்து, அதில் இரண்டு சொட்டு விட்டான். நிறம் வந்தது, சில நிமிடங்களில் வெளுத்துப் போனது. "சார், காரம் தீர்ந்துபோச்சா?" என்றான். காரம் எங்கே தீரும், ஒரு குடுவை நிறைய இருக்கிறது.

இங்கேயும் அதே பாலம்தான் பதில். மிக வலுவான காரத்தில் ஹைட்ராக்சைடு அயனி நேராக அந்த நடுக் கார்பனிலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. தட்டையாக இருந்த கார்பன் மறுபடி நான்கு கைகளை விரிக்கிறது. பாலம் உடைகிறது, நிறம் போகிறது. நல்ல வேளை, இது திரும்பி வரக்கூடியது. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு காரத்தைக் குறைத்தோம், கொஞ்ச நேரத்தில் ரோஜா எட்டிப் பார்த்தது. மேலும் விட்டோம், போய்விட்டது. ஒரே கரைசல், நிறமில்லை, நிறம், மறுபடி நிறமில்லை. அந்தப் பையன் அன்று மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் ஆய்வகத்தை விட்டுப் போகவில்லை.

காஸ்டிக் சோடாவைக் கையாள்வது விளையாட்டில்லை. கண்ணாடி மாட்டாமல் யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம்.

03.02.2024

லஞ்சச் செய்திகளில் வரும் "ரசாயனம் தடவிய நோட்டு" இதுதானா என்று கேட்டிருக்கிறார்கள். இதேதான். பினாப்தலீன் வெள்ளைப் பொடி. நோட்டில் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. வாங்கியவரின் விரல்களைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கச் சொல்வார்கள். தண்ணீர் ரோஜா நிறமாகும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து முத்திரை வைப்பார்கள்.

ஏன் சலவைச் சோடா, ஏன் ஆப்ப சோடா இல்லை? வீட்டில் இரண்டையும் மஞ்சள் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். ஆப்ப சோடாக் கரைசலின் பிஎச் எட்டு சொச்சம்தான். மஞ்சள் கொஞ்சம் ஆரஞ்சாகி நின்றுவிடும். பினாப்தலீன் அங்கே பட்டும் படாமலும் இருக்கும். சலவைச் சோடா பதினொன்றை எட்டும். நிறம் பளிச்சென்று வரவும் வேண்டும், காஸ்டிக் சோடாவைப்போல் கையைப் புண்ணாக்கவும் கூடாது. நல்ல தேர்வு.

10.02.2024

செய்முறைத் தேர்வுக்குப் பயிற்சி. சலவைச் சோடாக் கரைசல் 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, பியூரெட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்து, அதை முறிக்க எவ்வளவு அமிலம் வேண்டும் என்று தரம் பார்த்தார்கள். ஒரு மாணவிக்கு 10.2 மி.லி. பக்கத்தில் நின்ற பையனுக்கு 20.4. இரண்டு பேரிடமும் ஒரே கரைசல்தான். அந்தப் பிள்ளை தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து முகம் வாடிவிட்டாள். மூன்று முறை பார்த்தும் அதே 10.2.

அவள் கை சுத்தம். அவள் எடுத்தது பினாப்தலீன், அவன் எடுத்தது மெத்தில் ஆரஞ்சு என்ற வேறொரு நிறங்காட்டி. சலவைச் சோடா இரண்டு படியாக முறியும். பாதி அமிலம் போனதும் அது ஆப்ப சோடாவாக நிற்கிறது, பிஎச் எட்டு சொச்சம், பினாப்தலீனின் நிறம் அங்கேயே போய்விடும். மீதிப் பாதியும் போனபிறகு பிஎச் நான்கு பக்கம் இறங்கும்போதுதான் மெத்தில் ஆரஞ்சு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும். அதன் எல்லை 3.1 முதல் 4.4 வரை. ஒன்று மற்றொன்றின் சரிபாதியாக வந்தது இருவருமே சரியாகச் செய்ததற்குச் சான்று. அவளிடம் இதைச் சொன்னபோது நிமிர்ந்து நின்றாள்.

நிறங்காட்டி என்றாலே ஏழில் மாறும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது. லிட்மஸைக் காட்டியே வளர்த்துவிட்டோம். ஒவ்வொரு நிறங்காட்டியும் தானே ஒரு வலுக்குறைந்த அமிலமோ காரமோதான். தன் ஹைட்ரஜன் அயனியை எந்த இடத்தில் விடும் என்பது அதனதன் குணம். இந்த விளக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொடுத்தவர் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். அதோடு, நிறம் ஒரே புள்ளியில் மாறாமல் ஒன்றரை, இரண்டு பிஎச் அளவுக்கு இழுத்துக்கொண்டு போவதற்கு நம் கண்ணும் காரணம். இரண்டு நிறம் கலந்திருக்கும்போது, ஒன்று மற்றதைவிடச் சுமார் பத்து மடங்கு இருந்தால்தான் கண் அதைத் தனி நிறமாக ஒப்புக்கொள்கிறது. பத்து மடங்கு என்பது பிஎச்சில் ஒரு படி. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

11.02.2024

மெத்தில் ஆரஞ்சு என்றதும் நினைவுக்கு வந்தது. எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வடிகிறது என்று பயமுறுத்துவதைச் சின்ன வயதில் கோயில் திடலில் பார்த்திருக்கிறேன். அன்று இரவு தூங்கவில்லை. இப்போது ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் இதைச் செய்து காட்டுகிறேன். கத்தியில் மெத்தில் ஆரஞ்சு தடவிக் காயவிட்டால் போதும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் மூன்றுக்கும் கீழே. பட்டதும் சிவப்பாக வடியும். செம்பருத்திப் பூவைக் கத்தியில் அழுத்தித் தேய்த்தாலும் சிவப்பு வரும். அறுத்ததைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து, ஆப்ப சோடா தூவச் சொல்வேன். ரத்தம் மஞ்சளாகத் திரும்பும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

25.02.2024

தேர்வு முடிந்தது. இந்த முறை பொட்டாசியம் பெர்மாங்கனேட் வந்தவர்கள் அதிகம். "இதிலும் நிறங்காட்டி போட வேண்டாமா சார்" என்று கடைசி நிமிடத்தில் ஒருவன்.

வேண்டாம், அதன் ஊதாவே முடிவைக் காட்டிவிடும். ஆனால் இது வேறு கதை. அந்த ஊதா நிறம் ஹைட்ரஜன் அயனியால் வருவதில்லை, போவதும் இல்லை. ஆக்ஸிஜனிலிருந்து மாங்கனீசுக்கு எலக்ட்ரான் தாவும்போது ஒளி விழுங்கப்படுகிறது. ஆக்ஸாலிக் அமிலத்தோடு சேர்ந்தால் மாங்கனீசு ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, கிட்டத்தட்ட நிறமே இல்லாத அயனியாகிறது. முதல் சொட்டு ஊதா அப்படியே நின்று பயமுறுத்தும், சூடாக்கியிருந்தாலும்கூட. அடுத்தடுத்த சொட்டுகள் விட்ட இடம் தெரியாமல் மறையும். முதல் சொட்டில் உண்டான மாங்கனீசு அயனியே அடுத்த சொட்டுகளுக்கு வினைவேக மாற்றியாகிவிடுவதுதான் காரணம். முதல் சொட்டு நிற்பதைப் பார்த்து அதையே முடிவு என்று எழுதிவிடும் பிள்ளைகள் எல்லா வருடமும் இருக்கிறார்கள்.

வெளுத்துப்போன அந்தக் கரைசலில் காரத்தைக் கொட்டினாலும் அமிலத்தைக் கொட்டினாலும் ஊதா திரும்பாது. வெற்றிலைப் பக்கத்தில் வைக்க வேண்டியது இது.

02.03.2024

மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) வேறு வகை. சூடாக்கினால் வெள்ளை, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம். அமிலமும் இல்லை, எலக்ட்ரான் கைமாறவும் இல்லை. செம்பைச் சுற்றி நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகள் வருவதும் போவதும்தான். திரும்பி வருகிறது, ஆனால் பிஎச் நிறங்காட்டி இல்லை. ஆகவே ஜனவரியில் நான் வைத்த கேள்வி ஒன்று மட்டும் போதாது. திரும்பி வருகிறதா என்பதோடு, எது வந்தது, எது போனது என்றும் கேட்க வேண்டும்.

12.05.2024

ஊட்டி. குளிரில் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கிய இடத்தின் வேலியோரம் ஹைட்ரேஞ்சியா, பந்து பந்தாக, நல்ல நீலம். இங்கே மண் அமிலத்தன்மை கொண்டது. லிட்மஸ் அமிலத்தில் சிவக்கும். இந்தப் பூ அமில மண்ணில் நீலம், சுண்ணாம்பு போட்ட மண்ணில் ரோஜா. தலைகீழ்.

காரணம் அலுமினியம். மண் அமிலமாக இருந்தால் அலுமினியம் கரைந்து வேர் வழியே ஏறுகிறது, பூவின் நிறமியோடு சேர்ந்து நீலமாகிறது. பூவுக்குள் பிஎச் மாறுவதால் வரும் நிறம் இல்லை.

இதே குழப்பத்தில் ஒரு பெரிய மனிதரும் விழுந்தார். ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் 1910களில் சிவப்பு ரோஜாவிலும் கார்ன்ஃபிளவர் என்ற நீலப் பூவிலும் இருப்பது ஒரே நிறமி என்று கண்டுபிடித்தார். அது சரி. சாற்றின் அமில, கார வேறுபாட்டால் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்றார். கேட்க அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. 1915இல் தாவர நிறமி ஆய்வுகளுக்காக நோபல் பரிசும் பெற்றார். ஆனால் கார்ன்ஃபிளவர் நீலத்துக்குக் காரணம், நிறமியோடு கோத்துக்கொண்ட இரும்பும் மெக்னீசியமும். அதன் முழு அமைப்பு 2005இல்தான் வெளியானது.

சங்குப்பூத் தேநீரில் எலுமிச்சை விட்டால் நீலம் ஊதாவாவது மட்டும் நிஜமான பிஎச் மாற்றம். ராபர்ட் பாயில் 1664இலேயே வயலெட் பூவின் பாகை வைத்து இந்த வேலையைச் செய்திருக்கிறார்: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை. பிஎச் என்ற அளவுகோலைக் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சன் உருவாக்கியது 1909இல். இரண்டரை நூற்றாண்டு, அளவுகோல் இல்லாமல் பூவை நம்பியே வேலை நடந்திருக்கிறது.

23.06.2024

கட்டடப் பொறியாளராக இருக்கும் நண்பர் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, ஒரு பழைய கட்டடத்தில் தூணின் மேல்பூச்சு உடைந்த இடத்துக்கு அழைத்துப்போனார். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீனைத் தெளித்தார். உள்பக்கம் ரோஜா. வெளிப்பக்கம் மூன்று விரல்கடை அகலத்துக்கு நிறமே இல்லை.

புதுக் கான்கிரீட்டின் பிஎச் 12க்கு மேல். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துரு ஏறாமல் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே நுழைந்து காரத்தை முறிக்கிறது. நிறமில்லாத பட்டை கம்பி வரை போய்விட்டால் ஆபத்து. அந்தத் தூணில் போயிருந்தது. ஆய்வகத்தில் மாணவர்களோடு நான் இருபது வருடமாக விளையாடிய சொட்டு மருந்து, ஒரு வீடு நிற்குமா என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது பேச்சு வரவில்லை.

06.10.2024

குங்குமத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது.

நவராத்திரிக்காகப் பக்கத்து வீட்டு அக்கா குங்குமம் செய்தார். கூடவே உட்கார்ந்து பார்த்தேன். குண்டு மஞ்சளை உடைத்து, வெங்காரம், படிகாரம், அப்புறம் எலுமிச்சைச் சாறு. சுண்ணாம்பே இல்லை! எலுமிச்சை ஊற்றி மஞ்சளைச் சிவக்க வைக்கிறார்கள். ஜனவரியில் நான் எழுதியது சரியென்றால் இது நடக்கவே கூடாது.

வெங்காரத்தில் இருப்பது போரான். அமிலச் சூழலில் போரானும் குர்குமினும் சேர்ந்து சிவப்புச் சேர்மமாகின்றன. உணவில் போரிக் அமிலம் கலந்திருக்கிறதா என்று மஞ்சள் தடவிய தாளை வைத்துப் பார்க்கும் பழைய சோதனை இதுவேதான். அதைப் பலமுறை செய்தவன் நான், ஆனால் குங்குமச் சிமிழோடு சேர்த்து யோசித்ததில்லை. சுண்ணாம்பு சேர்த்துச் செய்யும் குங்குமமும் உண்டு. அது எலுமிச்சைக்கு மஞ்சளாகும். அக்கா செய்தது ஆகவில்லை.

07.10.2024

ஆய்வகத்தில் உறுதி செய்துகொண்டேன். மஞ்சள் தாள் இரண்டு. ஒன்றில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும். மற்றதில் அதே அமிலத்தோடு கேரம் போர்டுக்குத் தூவும் போரிக் பவுடர். இரண்டையும் காயவிட்டேன். முதல் தாள் மஞ்சள். இரண்டாவது செங்கல் சிவப்பு. அதன்மேல் ஒரு சொட்டு அம்மோனியா விட்டேன், பச்சை கலந்த கறுப்பாகியது. சுண்ணாம்பால் சிவந்த மஞ்சளில் அம்மோனியா விட்டால் இப்படி ஆகாது, சிவப்பாகவே இருக்கும்.

இத்தனை எழுதியும், வேட்டிக்காரருக்கு வேண்டிய ஒன்றைச் சொல்லவே இல்லை. சோப்பை நன்றாக அலசிவிட்டு ஈரத்தோடு உச்சிவெயிலில் கொடியில் போடுங்கள், இரண்டு மூன்று நாள். வெயில் குர்குமினின் அந்தச் சங்கிலியையே அறுத்துவிடும். அதன்பிறகு எந்த சோப்பு போட்டாலும் சிவக்காது.